கரிசலிலிருந்து நெக்கர் நதிக்கு – 3: தபால் பெட்டியில் தந்தையார் பெயர்

ஹைடெல்பெர்க் என்பது ஒரு நகரத்தின் பெயர் என்று அறிவதற்குப் பல வருஷங்கள் முன்பே, சிவகாசியில் என் தாய்மாமன் வேலை பார்த்த அச்சுக்கூடத்தில், காகிதத்தைத் தாள்தாளாகக் கவ்வி இழுத்துக்கொண்டிருந்த ஓர் இரும்பு யந்திரத்தின் முகப்பில் அந்த எழுத்துக்களை நான் பார்த்திருந்தேன். யந்திரத்துக்குப் பெயர் தந்த அந்த ஊருக்கே, 1386-ஆம் ஆண்டில் தோன்றிய அதன் சர்வகலாசாலையில் முதுகலை பயில, புரட்டாசியின் பிற்பகுதியில் ஒரு சனிக்கிழமை இரவு வந்து இறங்கினேன். மறுநாள் ஞாயிறு, கடைகள் எல்லாம் அடைப்பு. அம்மா கட்டிக்கொடுத்த கோவில்பட்டிக் கடலை மிட்டாயே அன்று இரண்டு வேளை ஆகாரம்.

ஜெர்மனியில் குடிபுகுந்த இரண்டு வாரங்களுக்குள், வீட்டுக்காரர் எழுதித் தரும் அத்தாட்சியுடன் நகர அலுவலகத்துக்குச் சென்று விலாசத்தைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ‘அன்மெல்டுங்’ எனப்படும் இந்தச் சம்பிரதாயம் முடியாமல் மற்றக் காரியங்கள் எளிதில் நகரா. படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம். குடும்பப் பெயர் என்ற ஒன்று நம்மிடம் ஏது? பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியபோது அந்த ஸ்தானத்தில் அமர்ந்தது என் தந்தையாரின் பெயர். அலுவலகத்து அம்மையார் ‘ஹெர்’ என்ற மரியாதைச் சொல்லுடன் அப்பாவின் பெயரைச் சொல்லி அழைத்தபோது, வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று எண்ணி நான் எழுந்திருக்கவேயில்லை. இரண்டாம் முறை அழைத்த பிறகுதான் உடம்பு சிலிர்த்தது.

அன்று மாலையே, வீட்டுக்கார மூதாட்டி என்னை மாடிப்படிக்குக் கீழே அழைத்துச் சென்று, வரிசையாக இருந்த தபால் பெட்டிகளில் காலியாக இருந்த ஒன்றைக் காட்டினார். அங்கே குடியிருப்புக்களுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்தே தபால்காரர் கடிதம் போடுவார், பெயர் இல்லையேல் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். விரல் நீளத்துக் காகிதத் துண்டில் அப்பாவின் பெயரைப் பெரிய எழுத்துக்களில் எழுதி, கண்ணாடித் தகட்டுக்கு அடியில் செருகினேன். மதுரைக்கு வடக்கே ரயிலேறியறியாத என் தகப்பனாரின் பெயர் அதுவரை ரேஷன் கார்டிலும், பட்டாவிலும், கூட்டுறவுச் சங்கத்துக் கடன் புத்தகத்திலும் மட்டுமே எழுதப்பட்டிருந்தது. இப்போது அது நெக்கர் நதிக்கரையில் ஒரு வீட்டு வாசலில், யார் வேண்டுமானாலும் படிக்கும்படியாக இருந்தது. அவருக்கு அந்த இடம் உரியதே என்பது என் அபிப்பிராயம். விசாவுக்காகத் தனிக் கணக்கில் முன்கூட்டியே போட்டுவைக்க வேண்டிய 11,904 யூரோவும், ஐரோப்பிய யூனியனுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் ஹைடெல்பெர்க் அமைந்த மாநிலம் 2017 முதல் வாங்கிவரும் பருவத்துக்கு 1,500 யூரோவும், வங்கிக் கடன் போக மீதி, இரண்டு குறுக்கம் கரிசலை ஒத்திக்கு வைத்து அவர் திரட்டியவை.

அந்த வாரம் முழுவதும் அங்கே மழை. பாலத்தின்மேல் எல்லோரும் குடையைச் சாய்த்து முகம் சுளித்து விரைந்துகொண்டிருக்க, வானம் பார்த்த பூமியில் பிறந்த நான் மட்டும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கரை தொட்டு ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே ஊருக்குப் போன் போட்டேன். தபால் பெட்டி விஷயத்தைச் சொன்னேன். சற்று நேரம் அப்பா ஒன்றும் பேசவில்லை.

“அங்கன மழை உண்டுமாய்யா?” என்றார் பிறகு.

“உண்டுப்பா. நாலு நாளா விடாம பெய்யுது.”

மிச்சமிருந்த நிலத்தில், பருவமழையை எதிர்பார்த்து, மக்காச்சோளமும் உளுந்தும் புழுதியிலேயே விதைத்துவிட்டதாகச் சொன்னார். கோவில்பட்டிப் பக்கம் அன்று வரை ஒரு தூறல்கூட விழவில்லை.

(தொடரும்)