பின்ஹோல் கேமராவுக்கு எத்தனை வினாடி?

ஒளி புகாத ஒரு பெட்டி. முன்பக்கத் தகட்டில் ஊசியால் குத்திய துளை, பின்சுவரில் ஃபிலிம். லென்ஸே இல்லாத பின்ஹோல் கேமராவில் துளையை மூடியிருக்கும் கறுப்பு டேப்தான் ஷட்டர். அதை எத்தனை வினாடி திறந்து வைப்பது என்பதைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம்.

துளைக்கும் ஃபிலிமுக்கும் உள்ள தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். தூரம் 50 மி.மீ., விட்டம் 0.3 மி.மீ. என்றால் 167. விட்டத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லக் கூடாது. 0.3 என்று நினைத்தது உண்மையில் 0.4 ஆக இருந்தால் ஏறக்குறைய 1.8 மடங்கு ஒளி உள்ளே போய்விடும். தகட்டை 1200 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து பார்த்தால், 0.3 மி.மீ. துளை 14 பிக்சல் அகலத்தில் தெரியும்.

அடுத்தது ஒளி. நல்ல வெயிலில் எஃப் 16-க்கு, ஐ.எஸ்.ஓ. 100 ஃபிலிமுக்கு 1/100 வினாடி போதும் என்பது புகைப்படக்காரர்களின் பழைய விதி. 167-ஐ 16-ஆல் வகுத்து, விடையை அதே எண்ணால் பெருக்கினால் சுமார் 109. அதாவது 109 மடங்கு நேரம் வேண்டும்: ஒரு வினாடிக்குச் சற்று மேல். கையால் டேப்பை எடுத்து ஒட்ட அது வசதியான நேரம்.

மங்கலான கூடத்துக்குள் போனால் கணக்கு தடுமாறும். லைட் மீட்டர் எஃப் 16-க்கு ஒரு வினாடி என்று காட்டினால், நம் பெட்டிக்கு 109 வினாடி. ஆனால் கோடக் டிரை-எக்ஸ் ஃபிலிமில் அவ்வளவு நேரம் மட்டும் கொடுத்தால் நெகட்டிவ் வெளிறித்தான் வரும். ஃபிலிமில் உள்ள வெள்ளி உப்புப் படிகத்தில் பிம்பம் பதிய, சில ஒளித்துகள்கள் அடுத்தடுத்து விழ வேண்டும். மங்கிய ஒளியில் அடுத்தது வருவதற்குள் முதல் துகளின் விளைவு அழிந்துவிடுகிறது. நட்சத்திரங்களைப் படமெடுத்த ஜெர்மன் வானியலாளர் கார்ல் ஷ்வார்ஷில்ட் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இந்தக் குறையை அளந்து ஆராய்ந்தார்.

டிரை-எக்ஸுக்கு கோடக் தரும் அட்டவணைப்படி 10 வினாடி 50 வினாடியாகிறது. 100 வினாடி 1200 வினாடி, அதாவது 20 நிமிடமாகிறது! ஃபுஜி அக்ராஸ் ஃபிலிமுக்கோ 120 வினாடி வரை எந்தத் திருத்தமும் தேவையில்லை. ஆகவே ஃபிலிம் வாங்கும்போதே அதற்கான அட்டவணையையும் பார்த்துக்கொள்வது நல்லது. நேரத்தை இரட்டிப்பாக்கினால்தான் ஒளிப்பதிவு ஒரு படி (ஸ்டாப்) கூடும் என்பதால், 20 நிமிடத்தில் ஒன்றிரண்டு நிமிடம் முன்பின் ஆனாலும் படம் கெடாது.