எலும்புகள் சொன்ன வரலாறு

1991ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியில், அரசாங்க அலுவலகக் கட்டடம் ஒன்றை எழுப்புவதற்காக நிலத்தைத் தோண்டினர். அங்கே மனித எலும்புகள் வரிசை வரிசையாகத் தென்பட்டன. அது ஆப்பிரிக்கர்களின் இடுகாடு. 18ஆம் நூற்றாண்டில் அந்நகரில் வாழ்ந்த ஆப்பிரிக்கர்கள், பெரும்பாலும் அடிமைகள், அங்கே புதைக்கப்பட்டிருந்தனர். பழைய வரைபடத்தில் அதன் பெயர் இருந்தது, நகரம்தான் மறந்துவிட்டது.

கட்டட வேலை தொடரவே, கறுப்பின மக்கள் கொதித்தெழுந்தனர். மறு ஆண்டு தோண்டும் பணி நிறுத்தப்பட்டது. பிறகு, அவர்களின் கோரிக்கைப்படி, ஆய்வுப் பொறுப்பு ஹோவர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மானிடவியலாளர் மைக்கேல் பிளேக்கியின் குழுவிடம் வந்தது. எந்தக் கேள்விகளுக்கு விடை தேட வேண்டும் என்று அவர் முதலில் அம்மக்களிடமே கேட்டார். இவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? எப்படி வாழ்ந்தார்கள்? அடிமைத்தனத்தை எவ்வாறு எதிர்த்தார்கள்?

இவற்றுக்கு ஒரே துறையால் விடை கூற முடியாது. பல்லின் மேற்பூச்சு சிறுவயதில் உருவாகி, பின்னர் மாறுவதில்லை. எனவே, அதிலுள்ள தாதுக்களை ஆராய்ந்து, ஒருவர் எந்நிலத்தில் வளர்ந்தார் என்பதை வேதியியலாளர் ஊகிக்கலாம். எலும்பில் தசை ஒட்டியிருந்த தடங்கள், அவர் சுமந்த பாரத்தைக் காட்டும். ஒரு பெண்ணின் இடுப்பைச் சுற்றிக் கண்ணாடி மணிகளும் சோழிகளும் இருந்தன. ஆம், நாம் பல்லாங்குழி ஆடும் அதே சோழிதான்! அவருடைய பற்கள் ஆப்பிரிக்க வழக்கப்படி அராவப்பட்டிருந்தன. இதன் பொருளை விளக்க, அங்குள்ள சடங்குகளை அறிந்தவர்கள் தேவைப்பட்டனர். வரலாற்றாசிரியர்கள் கப்பல் பதிவேடுகளைப் புரட்டினர். புதைக்கப்பட்டோரில் நூற்றுக்கு நாற்பது பேருக்கும் மேல் சிறுவர்கள் என்பதுதான் நெஞ்சை உலுக்கிய செய்தி.

இவ்வாறு பல துறைகள் கைகோத்து, ஆப்பிரிக்க மக்களையும் உலகெங்கும் பரவிய அவர்களின் வழித்தோன்றல்களையும் ஆராயும் கல்வியே ஆப்பிரிக்கவியல். இதுவும் போராடிப் பெற்றதுதான். 1968 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரி மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தனர். ஏறத்தாழ ஐந்து மாதம் நீடித்த அந்தப் போராட்டத்தின் பயனாக, கறுப்பினவியலுக்கென அங்கே தனித்துறை உருவானது.

2003 அக்டோபரில், கானாவில் செதுக்கப்பட்ட மரப்பெட்டிகளில் 419 பேரின் எலும்புகளும் அதே இடத்தில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன.