அரசன் கையிலிருந்த ஆலயம்

ஆர்மீனியத் தலைநகர் யெரெவானுக்கு மேற்கே, வாகர்ஷபாத் நகரை எட்டுவதற்குச் சற்று முன்பு, வெட்டவெளியில் வட்டமாகச் சில தூண்கள் நிற்கின்றன. ஆர்மீனியத் திருச்சபைத் தலைவர் மூன்றாம் நெர்செஸ் 7-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஸ்வார்த்னோட்ஸ் பேராலயத்தின் மிச்சம் அது. 10-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஆலயம் சரிந்துவிட்டது. பிறகு மண் மூடிப்போனது.

1900-களின் தொடக்கத்தில் அகழாய்வு நடந்தபோது, தோரோஸ் தோரமானியன் என்ற கட்டடக் கலைஞர் அங்கே வந்தார். சிதறிக் கிடந்த கற்களை அளந்தார். எந்த வளைவு எந்தத் தூணின் மேல் அமர்ந்திருக்கும் என்று கணக்கிட்டார். கடைசியில் அவர் வரைந்து காட்டியது, மேலே போகப் போகக் குறுகும் மூன்றடுக்கு வட்டக் கோயில். அந்தக் காலத்தில் இப்படியொரு கட்டடமா என்று பலர் நம்ப மறுத்தார்கள்.

விடை, பழைய தலைநகரான அனியில் புதைந்திருந்தது.

1000-ஆம் ஆண்டையொட்டி, முதலாம் ககிக் மன்னன் ஸ்வார்த்னோட்ஸைப் போலவே ஓர் ஆலயத்தை அனியில் எழுப்பினான். கட்டியவர் திர்தாத். சாதாரணக் கொத்தனார் அல்ல; 989-இல் நிலநடுக்கத்தால் கான்ஸ்டான்டிநோபிளின் ஹாகியா சோபியா குவிமாடம் இடிந்தபோது அதைச் சீரமைக்கும் பொறுப்பு இவரிடம்தான் வந்தது. அனி பேராலயமும் இவர் கைவேலையே. அதன் கூர்வளைவுகளையும் கொத்துத் தூண்களையும் பார்ப்பவர்களுக்கு, நூறாண்டுக்கும் மேல் கழித்து ஐரோப்பாவில் எழுந்த கோதிக் ஆலயங்கள் நினைவுக்கு வரும். இவ்வளவு பெரிய கலைஞனின் பெயர் உலகக் கட்டடக்கலை வரலாற்றில் இன்னும் உரக்க ஒலித்திருக்க வேண்டும்.

ககிக் கட்டிய ஆலயமும் நிலைக்கவில்லை. ஆனால் 1906-இல் நிகோலாய் மார் தலைமையிலான குழு அதன் இடிபாடுகளைத் தோண்டியபோது ககிக்கின் சிலை வெளிப்பட்டது. தலைப்பாகை கட்டிய அரசன், தான் கட்டிய ஆலயத்தின் சிறு வடிவத்தைக் கைகளில் ஏந்தியிருந்தான். அதில் மூன்று அடுக்குகள்! தோரமானியன் கற்களை மட்டுமே வைத்துச் சொன்னதற்குக் கல்லிலேயே சாட்சி கிடைத்துவிட்டது. நுணுக்கங்களில் அறிஞர்கள் பின்னரும் மாறுபட்டார்கள் என்றாலும், பெரும்பாலோர் மனத்தில் பதிந்திருப்பது அவர் வரைந்த ஸ்வார்த்னோட்ஸ்தான்.

முதல் உலகப் போர்க்காலக் கொந்தளிப்பில் அந்தச் சிலை காணாமல் போனது. நெஞ்சைச் சுடும் இழப்பு. பழைய புகைப்படங்களில்தான் அதன் முழு உருவத்தைப் பார்க்க முடிகிறது.

அனி இன்று துருக்கியின் எல்லைக்குள் இருக்கிறது. ஆர்மீனியாவுக்கும் அதற்கும் நடுவே அகுரியன் ஆறு ஓடுகிறது. 1993-இல் எல்லை மூடப்பட்டபின், அக்கரையில் நின்று தங்கள் பழைய தலைநகரைப் பார்த்துத் திரும்பிய ஆர்மீனியர்கள் ஏராளம். ஸ்வார்த்னோட்ஸ் 2000-இலும் அனி 2016-இலும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. ஸ்வார்த்னோட்ஸ் போகிறவர்கள் தூண்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடக் கூடாது. தரையோடு கிடக்கும் கற்களில் திராட்சைக் கொடிகளும் மாதுளைகளும் செதுக்கப்பட்டிருக்கின்றன. சிறகு விரித்த கழுகு ஒன்று தூணின் தலைப்பகுதியையே நிறைத்திருக்கிறது.