மென்பொருளும் விளக்க நூலும்



ஒரு பொருளை ஆக்குவது ஒரு கலை. அதனைக் கையாளும் முறையைப் பிறர்க்கு விளங்க உரைப்பது வேறொரு கலை. இவ்விரண்டும் ஒருவரிடத்திலேயே நிறைவாக அமைதல் அரிது. ஆதலின் ஆக்குவோரும் உரைப்போரும் இருவேறு மக்களாக இருப்பர்; அவர்கள் கலந்து தொழிற்படவும் வேண்டும். கட்டற்ற மென்பொருள் துறையில் இக்கூட்டுறவு எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை இன்று காண்போம்.

சிவகாசியை அடுத்த விஸ்வநத்தத்து மாணவர்க்கு இதனை விளக்க ஓர் உவமை போதும். பட்டாசு ஆலையில் மருந்து கலப்பவர் ஒருவர். திரி வைப்பவர் ஒருவர். பெட்டியின்மேல் ஒட்டும் தாளை அச்சிடுபவரோ வேறோர் இடத்தில் இருப்பவர். எவ்வாறு கொளுத்துவது, எவ்வளவு தொலைவில் நிற்பது என்பன அத்தாளில் காணப்படும். ஆலையில் திரியின் நீளத்தைக் குறைத்துவிட்டு அச்சகத்தார்க்கு அதனைச் சொல்லாதிருந்தால் என்ன நேரும்? தாளில் உள்ள சொல் பழைய பட்டாசுக்கு உரியது. கையில் உள்ள பட்டாசோ புதியது. அச்சொல்லை நம்பியவன் கையைச் சுட்டுக்கொள்வான். தாளே இல்லாதிருந்தால் அவன் அஞ்சியேனும் விலகி நின்றிருப்பான். எனவே, காலத்தோடு ஒவ்வாத விளக்கம் விளக்கமின்மையினும் தீது.

இனி, கட்டற்ற மென்பொருள் என்பது யாது? எந்த மூலநிரலை எவரும் படிக்கலாமோ, திருத்தலாமோ, பிறர்க்கு வழங்கலாமோ, அந்நிரலால் ஆகிய மென்பொருளே அது. 1983ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். 1991இல் பின்லாந்து நாட்டு மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்சு கருநிரலை வெளியிட்டார். நிரலைத் திருத்தும் உரிமை இருந்து, அதன் விளக்க நூலைத் திருத்தும் உரிமை இல்லையானால், திருத்திய நிரலுக்குப் பொருந்தாத நூலே எஞ்சும். இக்குறையை உணர்ந்த ஸ்டால்மன் விளக்க நூல்களும் கட்டற்றனவாக இருத்தல் வேண்டும் என வற்புறுத்தினார். நூல்களுக்கென்றே குனு கட்டற்ற ஆவண உரிமம் 2000இல் வெளிவந்தது.

உரிமை கிடைத்தது, ஒழுங்கு வேண்டாவோ? பலர் கூடி ஒரு நூலை ஆக்குதல் நமக்குப் புதிதன்று. தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. துறை வல்லார் எழுதினர். ஆசிரியர் குழுவினர் நடையையும் சொல்லையும் ஒருமைப்படுத்தினர். ஆயின் அச்சேறிய தொகுதி அப்படியே நிற்கும். மென்பொருளோ திங்கள்தோறும் மாறும். மேலும், தொண்டர்களுள் பலர் ஊதியமின்றி, வெவ்வேறு நாடுகளில் இருந்துகொண்டு உழைப்பவர். அவர்க்குக் கட்டளையிட இயலாது. வேண்டுகோளும் வழிமுறையுமே பயன்தரும்.

அவ்வழிமுறைகளுள் மூன்றினை நோக்குவோம்.

முதலாவது, நிரலையும் நூலையும் ஓரிடத்தில் வைத்தல். பைத்தான் மொழியின் நிரலும் விளக்கமும் ஒரே களஞ்சியத்தில் உள்ளன. லினக்சு கருநிரலிலும் விளக்கங்களுக்கெனத் தனிப் பகுதி உண்டு. அக்கருநிரலைத் தொடங்கும்பொழுது தரத்தக்க புதிய குறிப்பு ஒன்றைச் சேர்ப்போர், அதன் விளக்கத்தையும் எழுதித் தருதல் வேண்டும் என்பது விதி. இதனால், மாற்றம் ஒருபுறமும் விளக்கம் ஒருபுறமுமாகப் பிரிந்து போவது குறைகின்றது.

இரண்டாவது, எழுதுவோர்க்குக் காலம் அளித்தல். க்னோம் என்னும் திரைச்சூழல் ஆண்டுக்கு இருமுறை புதுப்பிக்கப்படுகின்றது. வெளியீட்டிற்குச் சில வாரங்களுக்கு முன்னரே திரையின் தோற்றத்தையும் அதில் வரும் சொற்களையும் மாற்றலாகாது என வரையறை செய்துவிடுவர். அவ்விடைவெளியில் விளக்கம் எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் தம் பணியை முடிப்பர். தேர்வுக்கு முன்னாள் பாடத்திட்டத்தை மாற்றினால் மாணவர் படும் பாட்டினை நீங்கள் அறிவீர்கள் அன்றோ?

மூன்றாவது, ஐயத்தை மறையாது காட்டுதல். பல கட்டற்ற மென்பொருள்களின் மொழிபெயர்ப்பு கெட்டெக்ஸ்ட் என்னும் கருவியால் நடைபெறுகின்றது. ஆங்கில மூலத்தொடர் சிறிது மாறினாலும், அதற்குரிய பழைய தமிழ்த் தொடரின்மேல் அக்கருவி ஓர் ஐயக்குறியை இடும். மொழிபெயர்ப்பாளர் மீண்டும் பார்த்து அக்குறியை நீக்கும் வரையில் திரையில் ஆங்கிலமே தோன்றும். பொய்யான தமிழினும் மெய்யான ஆங்கிலம் நன்று என்பதே இதன் கருத்து. ஆயினும் அந்த ஆங்கிலம் நமக்கு ஒரு நினைவூட்டலாக நிற்கின்றது: இங்கே ஒரு தமிழ்த் தொண்டர் தேவை என்பதே அந்நினைவூட்டல்.

நம் மொழியில் இத்தொண்டு நடவாமல் இல்லை. க்னோம், லிபர்ஆபீஸ் முதலியவற்றின் திரைகளைத் தமிழில் காணலாம். 2012 சனவரியில் தொடங்கிய 'கணியம்' இதழ் கட்டற்ற மென்பொருள் பற்றிய கட்டுரைகளையும் நூல்களையும் எளிய தமிழில் தந்து வருகின்றது. எனினும் செய்யவேண்டுவது மிகுதி. மூலநிரல் உலகிற்கே திறந்திருக்கின்றது என்கிறோம். அதன் விளக்கம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால், தமிழ் மட்டும் அறிந்த மாணவனுக்கு அக்கதவு திறந்தும் மூடியதே ஆகும்.

"யாம் கற்றுக்குட்டிகள், எம்மால் என்ன ஆகும்?" என்று நீங்கள் வினவலாம். கற்றுத் தேர்ந்தவர்க்கு எல்லாம் தெளிவாகத் தோன்றும். எந்த இடத்தில் வழி தெரியாமல் நிற்கவேண்டியுள்ளது என்பதைப் புதிதாகக் கற்பவரே அறிவர். ஆதலின் விளக்க நூலுக்குச் சிறந்த சான்றாளர் நீங்களே. ஒரு மென்பொருளின் விளக்கத்தை எடுத்துக்கொண்டு, அதில் சொல்லியவாறே படிப்படியாகச் செய்து பாருங்கள். எந்தப் படியில் நூலும் திரையும் மாறுபடுகின்றன, எந்தப் பதிப்பில் அவ்வாறு நேர்ந்தது, நீங்கள் கண்டது யாது என்பவற்றைத் தெளிவாக எழுதி உருவாக்குவோர்க்கு அனுப்புங்கள். "நூல் சரியில்லை" என்னும் பழிச்சொல்லால் பயன் இல்லை. "ஐந்தாம் படியில் சொல்லிய பொத்தான் திரையில் இல்லை" என்னும் செய்தியால் பெரும்பயன் உண்டு.

உருவாக்குவோரும் இத்தகைய செய்தியை இடையூறாகக் கருதாமல், விடையும் நன்றியும் கூறுதல் வேண்டும். வினாவுக்கு விடை பெறாத தொண்டர் மறுமுறை எழுதார். திருத்தியது வெளிவரக் கண்டவரோ மீண்டும் எழுதுவார். ஆக்குவோர் அறிவிக்க, எழுதுவோர் வினவ, இருவரும் ஒருவரையொருவர் மதித்து நடந்தால், நிரலுக்கும் நூலுக்கும் இடையே பிணக்கு நேராது. அவ்வொற்றுமையில்தான் கட்டற்ற மென்பொருள் எல்லார்க்கும் உரிய பொருளாகின்றது.