வேக்போர்டு பைண்டிங்

வேக்போர்டு பைண்டிங் என்பது, வேக்போர்டு எனப்படும் நீர்ச்சறுக்குப் பலகையுடன் பாதங்களைப் பிணைத்து வைக்கும் காலணி போன்ற அமைப்பாகும். வேக்போர்டிங் விளையாட்டில் ஒருவர் ஒரே பலகையில் பக்கவாட்டாக நின்று, விசைப்படகு இழுக்கும் கயிற்றைப் பிடித்தபடி நீரின் மேல் சறுக்கிச் செல்வார். சில இடங்களில் படகுக்குப் பதிலாக உயரத்தில் ஓடும் கம்பிவடம் கயிற்றை இழுக்கும்.

மலைச்சரிவில் பயன்படும் பனிச்சறுக்குக் கட்டைகளின் பைண்டிங், விழும்போது தானாகக் கழன்றுகொள்ளும் பொறியமைப்பு உடையது. வழக்கமான வேக்போர்டு பைண்டிங்கில் அத்தகைய பொறி இல்லை. எனவே சரியான அளவைத் தேர்ந்து முறையாகப் பொருத்துவது வசதிக்காக மட்டுமன்றிப் பாதுகாப்புக்காகவும் தேவைப்படுகிறது.

வரலாறு

1985 இல் அமெரிக்காவின் சான் டியாகோவைச் சேர்ந்த டோனி ஃபின், அலைச்சறுக்குப் பலகையையும் நீர்ச்சறுக்குக் கட்டையையும் இணைத்தாற்போன்ற 'ஸ்கர்ஃபர்' என்னும் பலகையை உருவாக்கினார். தொடக்கத்தில் அதில் கால்களைப் பிணைக்க எதுவும் இல்லை. அதே ஆண்டில் கால்பட்டைகள் சேர்க்கப்பட்ட பின்னர், பலகை காலை விட்டு நழுவாமல் காற்றில் தாவ முடிந்தது. இப்பட்டைகளின் இடத்தைப் பிற்காலத்தில் கணுக்காலையும் தாங்கும் முழுக் காலணிகள் பிடித்தன.

வகைகள்

திறந்த முனை: விரல்கள் வெளியே தெரியும் வகை. அடுத்தடுத்த பல கால் அளவுகளுக்குப் பொருந்துவதால், ஒரே பலகையைக் குடும்பத்தினர் பலர் பகிர்வதற்கும் வாடகை நிலையங்களுக்கும் ஏற்றது.

மூடிய முனை: சாதாரணக் காலணி போல் குறிப்பிட்ட அளவில் கிடைக்கும். விரல்பக்க விளிம்பில் அழுத்தம் கொடுக்கும்போது பலகை உடனே திரும்பும். குளிர்ந்த நீரில் விரல்களுக்குக் கதகதப்பும் தரும். ஆனால் பிறருடன் பகிர்வது கடினம்.

இறுக்கும் முறையிலும் வேறுபாடுகள் உண்டு. கயிறு கட்டும் வகையில் பாதத்தையும் கணுக்காலையும் தனித்தனியே இறுக்கலாம். ஒட்டுப்பட்டை வகையை ஈரக் கையாலும் விரைவாகப் போடலாம், கழற்றலாம். திருகு சக்கர வகையில் மெல்லிய கம்பி சுற்றப்பட்டு இறுகும்.

அளவைச் சோதித்தல்

- பைண்டிங்கை அணிந்து முழங்காலை மடக்கி முன்னே சாயும்போது குதிகால் மேலெழக் கூடாது. எழுந்தால் பைண்டிங் பெரிது, அல்லது இறுக்கம் போதாது.
- மூடிய முனையில் விரல்கள் முன்பக்கத்தை இலேசாகத் தொடலாம், மடங்கக் கூடாது.
- சில நிமிடங்களில் பாதம் மரத்துப்போனால் இறுக்கம் மிகுதி.

மிகவும் தளர்வான பைண்டிங் எளிதில் கழன்றுவிடும் என்பதால் அதுவே பாதுகாப்பானது எனப் புதியவர்கள் கருதுவதுண்டு. ஆனால் விழும்போது ஒரு கால் மட்டும் கழன்று மறுகால் மாட்டிக்கொள்வதே பெரும் ஆபத்து. அப்போது நீரால் தள்ளப்படும் பலகை முழுவதும் மாட்டிய காலையே முறுக்கும். கணுக்கால் சுளுக்கும் முழங்கால் தசைநார்க் காயமும் இவ்வாறு ஏற்படலாம். ஆகவே இரு கால்களும் ஒரே அளவு இறுக்கமாக இருக்க வேண்டும். இதே காரணத்தால், பெரியவர்களின் பைண்டிங்கைச் சிறுவர்களுக்கு இறுக்கிக் கட்டிப் பயன்படுத்துவது தகாது.

பொருத்தும் முறை

முன்கால்: இடக்கால் முன்னே நிற்பது 'ரெகுலர்', வலக்கால் முன்னே நிற்பது 'கூஃபி' எனப்படும். வழுக்கும் தரையில் ஓடிச் சறுக்கும்போது இயல்பாக முன்னே வரும் கால் எதுவோ, அதுவே பெரும்பாலும் முன்கால்.

அகலம்: பைண்டிங்குகளுக்கு இடையிலான தொலைவு தோள் அகலத்தையோ அதைவிடச் சற்றுக் கூடுதலையோ கொண்டிருக்கும். முழங்காலை மடக்கும்போது இடுப்பில் இழுப்புத் தெரிந்தால் தொலைவைக் குறைக்க வேண்டும்.

இடம்: பலகையில் வரிசையாக உள்ள திருகுத் துளைகளால் பைண்டிங்கை முன்னும் பின்னும் நகர்த்தலாம். தொடக்கநிலையினர் இரண்டையும் சற்றுப் பின்தள்ளி வைப்பர். எடை பின்காலில் விழுவதால் பலகையின் முனை நீருக்கு மேலெழும். அடிப்புறத் துடுப்பு நீரில் நன்கு பதிந்து பலகை நேராகச் செல்லும். தேர்ந்தவர்கள் இரு முனைகளிலிருந்தும் சம தொலைவில் வைப்பதால் எந்தக் காலை முன்வைத்தும் ஓட்ட முடிகிறது.

கோணம்: பலகையின் குறுக்குக் கோடு 0 பாகையாகக் கொள்ளப்படும். தொடக்கநிலையினர் முன்காலை 15 முதல் 27 பாகை வரை முன்முனை நோக்கித் திருப்பி, பின்காலை 0 பாகையில் வைக்கலாம். தேர்ந்தவர்கள் இரு கால்களையும் 9 பாகை அளவில் வெளிப்புறம் நோக்கித் திருப்புவர். வாத்தின் கால்களை ஒத்திருப்பதால் இது வாத்து நிலை எனப்படுகிறது.

இவ்வளவுகள் தொடக்கப் புள்ளிகளே. முழங்கால் பாதத்தின் திசையிலேயே மடங்குகிறதா எனக் கரையில் நின்று பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு நேரத்தில் ஓர் அளவை மட்டும் மாற்றினால் அதன் விளைவு தெளிவாகத் தெரியும்.

திருகுகளை முதலில் எல்லாத் துளைகளிலும் தளர்வாக மாட்டி, பிறகு மாற்றி மாற்றிச் சமமாக முடுக்க வேண்டும். மின் முடுக்கி துளையின் உலோக மரையைக் கெடுக்கக்கூடும் என்பதால் கைத்திருப்புளியே நல்லது. அதிர்வால் திருகுகள் தளரக்கூடும். அதனால் ஒவ்வொரு முறையும் நீரில் இறங்கும் முன் அவற்றைச் சரிபார்ப்பது அவசியம்.

பராமரிப்பு

காலை நுழைக்குமுன் பாதத்தையும் பைண்டிங்கையும் நனைத்துக்கொண்டால் இழுத்துப் போடும்போது தையல் கிழியாது. கடல்நீரில் பயன்படுத்திய பின் திருகுகள் துருப்பிடிக்காமலிருக்க நன்னீரால் கழுவ வேண்டும். கடும் வெயிலில் இரப்பரும் பசையும் கெடுவதால் நிழலில் உலர்த்துவதே நல்லது. நாளடைவில் பைண்டிங் நெகிழ்ந்து குதிகால் எழத் தொடங்கினால், பார்வைக்குப் புதிதாகத் தோன்றினாலும் அதை மாற்றிவிட வேண்டும்.