காப்புப் பருவமும் லயத்துக் காம்பராவும்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் முதற் பருவத்துக்குக் காப்பு என்று பெயரிட்டனர். மூன்றாம் மாதத்துக் குழந்தையைத் தெய்வங்கள் காக்கவேண்டும் என்று வேண்டுவதே அப்பருவத்தின் பொருள். பின்னர், ஐந்தாம் மாதத்தில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி, பதினொன்றில் முத்தம் என முதலாண்டு வளர்ந்து செல்கிறது. இது வெறுங் கற்பனைப் பாகுபாடு அன்று. செங்கீரை, கைகளை நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் நிலை. சப்பாணி, அமர்ந்து கைகொட்டும் நிலை. சில திங்களுக்கு ஒருமுறை குழந்தை புதியதோர் ஆற்றலைப் பெறுகிறது என்பதை நம் புலவர்கள் கூர்ந்து கண்டிருந்தனர். அவ்வாற்றல் ஒவ்வொன்றும் புதியதோர் ஆபத்துக்கும் வாயில் திறக்கிறது என்பதே இல்லறத்தார் அதனோடு சேர்த்து அறியவேண்டிய உண்மை.

1935ஆம் ஆண்டு, மலேரியா கொள்ளைநோயாகப் பரவியபோது, இலங்கையில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 263 குழந்தைகள் முதலாண்டு நிறையுமுன் மாண்டன. இன்று அத்தொகை பத்துக்கும் கீழே இறங்கியுள்ளது. தடுப்பூசியும், வீடுதேடி வரும் குடும்பநல மாதும், மருத்துவமனைப் பிரசவமும் தந்த வெற்றி இது. கொள்ளைநோய் வாசலைவிட்டு அகன்றபின், வீட்டினுள்ளே இருக்கும் நெருப்பும் நீரும் நஞ்சும் நம் கவலைக்குரியனவாகின்றன.

இக்கவலை எல்லா வீடுகளிலும் ஒரே அளவினதன்று. கண்டி நகரில் அடுக்களை தனியாகவும் படுக்கையறை தனியாகவும் உள்ள வீட்டில் கதவொன்றைச் சாத்தினால் பாதி ஆபத்து நீங்கிவிடும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர முதலாக, தெல்தோட்டை, கலஹா, புசல்லாவை எனப் பரந்த மலைத்தோட்டங்களில் நிலைமை வேறு. தனிவீடு பெற்றோர் சிலர். லயத்திலே வாழ்வோர் இன்னும் பலர். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று சொல்லப்படும் ஒற்றைக் காம்பராவும் அதன் முன்னே ஓர் இஸ்தோப்புமே அங்கு வீடு. அடுப்பும் படுக்கையும் விறகும் மண்ணெண்ணெய்ப் போத்தலும் தவழும் குழந்தையும் ஒரே கூரையின்கீழ், கைக்கெட்டும் தூரத்திலே வாழ்கின்றன. சாத்துவதற்குக் கதவு எங்கே?

தாயோ கொழுந்தெடுக்கச் செல்பவள். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைச் சட்டம் ஓய்வளித்தது. எனினும் ஓய்வு முடிந்து அவள் மலையேறுகையில் குழந்தை காப்புப் பருவத்தையும் கடந்திராது. பகலிலே பிள்ளைக் காம்பராவும் அதன் ஆயாவும் துணை. மாலையிலும் விடுமுறை நாளிலும் பாட்டியோ, பள்ளி செல்லும் அக்காளோதான் காவல்.

இந்நிலையில், “கவனமாயிரு” என்று தாய்க்குப் புத்தி சொல்வதோடு நின்றுவிடுவது நியாயமாகுமா? நாளெல்லாம் மலையேறி இறங்கியவளின் கவனம் இரவில் சோர்வது இயற்கை. கவனம் சோரும், ஏற்பாடு சோராது. இதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. குப்பி லாம்பு சரிந்து தீப்பட்டோருக்குச் சிகிச்சையளித்த அறுவை மருத்துவர் விஜய கொடகும்புற, மக்களைக் கடிந்துகொள்ளவில்லை, விளக்கையே மாற்றினார். குட்டையான கனத்த கண்ணாடிக் குப்பி. உருளாதபடி இருபுறமும் தட்டை. எண்ணெய் சிந்தாதபடி திருகி மூடும் உலோக மூடி. மார்மைட் போத்தலின் வடிவமே அவருக்கு வழிகாட்டியது. 1998இல் ரோலக்ஸ் விருது அம்முயற்சியை உலகறியச் செய்தது. மின்விளக்கு வந்த பின்னும் அது புகட்டும் பாடம் பழையதாகவில்லை.

அப்பாடத்தை ஒவ்வொரு பருவத்துக்கும் பொருத்திப் பார்ப்போம். காப்புப் பருவத்துக் குழந்தையை மல்லாத்தியே உறங்கவைத்தல் வேண்டும். தலையணையும் முகத்தை மூடும் கம்பளியும் ஆகா. மலைக்குளிருக்கு அஞ்சி அடுப்பின் பக்கத்தில் கிடத்தினால் புகை நெஞ்சைக் கெடுக்கும். சேலைத் தொட்டிலின் அருகே தொங்கும் கயிறு எதுவும் கழுத்தைச் சுற்றலாம். செங்கீரையாடும் குழந்தை புரளும். கட்டிலைவிடப் பாய் நன்று. சப்பாணிப் பருவத்தில் கையில் அகப்பட்டதெல்லாம் வாய்க்குச் செல்லும். றம்புட்டான் விதை, கச்சான், நாணயம் ஆகியவை மூச்சை அடைக்கும். பாட்டியின் வெற்றிலைத் தட்டத்துச் சுண்ணாம்பு கண்ணிற்பட்டால் பார்வைக்கே கேடு. தவழத் தொடங்கினால் ஒரு வாளியின் அடியில் கிடக்கும் நீரும் உயிர் குடிக்கப் போதும். பிடித்தெழும் குழந்தையின் கை, தேநீர்க் கேத்தலைத் தேடும்.

செலவு மிகுந்த பரிகாரம் எதுவும் இங்கு வேண்டியதில்லை. அடுப்பைச் சுற்றி இடுப்பளவு மறிப்பு, உயரத்தில் ஒரு பலகைத் தட்டு, கவிழ்த்துவைத்த வாளி. மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றிவைக்கும் வழக்கத்தை ஒழித்தாலே பெரும் நன்மை. குடித்துவிட்ட குழந்தையை வாந்தியெடுக்கச் செய்யலாகாது; உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவேண்டும். சுட்ட இடத்தில் பற்பசை பூசாமல், ஓடும் குளிர்நீரை இருபது நிமிடம் விடவேண்டும்.

ஆசிரியர்களுக்கு இதில் ஒரு பங்குண்டு. தோட்டப் பாடசாலையில் மூன்றாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் சிறுமி, மாலையில் தன் தம்பிக்குத் தாயாகிறாள். சுகாதாரப் பாட நேரத்தில் அவளுக்கு இவற்றைச் சொல்லிக்கொடுப்பது, ஒரு குடும்பத்துக்கே காப்புச் செய்வதாகும். ஆனால் அச்சிறுமியின் தோளிலேயே முழுச் சுமையையும் ஏற்றிவிட்டு நாம் ஒதுங்குதல் முறையன்று. அடுக்களைக்குத் தனிச் சுவர் ஒன்று கேட்கும் குடும்பத்தின் கோரிக்கை, வசதிக்கான ஆசையன்று. குழந்தையின் உயிருக்கான வழக்கு. தெய்வங்களைக் காப்புக்கு அழைத்த தமிழ், அந்தச் சுவருக்காகவும் வாதாடக் கடமைப்பட்டது.