நாலோ? ஆறோ?

சட்டைப் பையுள் அடங்கும் டிஜிற்றல் கமரா ஒன்றினை 2013ஆம் ஆண்டில் வாங்கினேன். ஒரு மாதச் சம்பளத்திற் பெரும்பகுதி அதற்குப் போயிற்று. போனதில் வருத்தம் இல்லை. ஏட்டுச் சுவடிகளைப் படம் பிடித்து வைத்தல் வேண்டும் என்பது நெடுநாளைய ஆசை. கமராப் பெட்டியின் மேலே '16 மெகாபிக்சல்' என்று பெரிய எழுத்திற் பொறித்திருந்தது. 1 கோடியே 60 இலட்சம் புள்ளிகள்! இத்தனை புள்ளிகளுக்குந் தப்பி ஓடும் எழுத்தும் உளதோ என்று மகிழ்ந்தேன்.

வடமராட்சியில் ஒரு வைத்தியர் வீடு. வைத்தியர் காலஞ்சென்றுவிட்டார். அவருடைய மனைவியார் பரணில் இருந்த சுவடியை இறக்குவித்துத் தந்தார். பரம்பரையாக வந்த வைத்திய ஏடு. ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர் நீளம். மாலை நேரம், உள்வீடு, ஒற்றை மின்விளக்கு. ஏட்டினை முழுதாகப் படத்துள் அடக்கி, ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து முடித்தேன். கமராவின் பின்புறத்துச் சிறு திரையில் எழுத்துக்கள் முத்துக் கோத்தாற்போலத் தோன்றின. சுவடியைக் கட்டிக் கொடுத்துவிட்டு, பெரும்பணி ஒன்று முடிந்தது என்ற இறுமாப்போடு வீடு வந்தேன்.

கணினியிற் படத்தைப் பெருப்பித்தபோது இறுமாப்பு ஒடுங்கிற்று. எழுத்தாணியின் கீறல்கள் மெழுகு உருகினாற்போலக் கரைந்து கிடந்தன. கீறல் இல்லாத இடங்களிற் புள்ளிகள் முளைத்திருந்தன.

பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. காலும் ரகரமும் ஒரே வடிவாய் நிற்கும். படிப்பவன் இடம் நோக்கிப் பொருள் துணிதல் வேண்டும். அது பழகிய தொல்லை. இதுவோ புதிய தொல்லை. எழுதினவர் இடாத புள்ளியை இயந்திரம் இட்டது. எழுதினவர் இட்ட கீற்றினை இயந்திரம் அழித்தது. இதற்குப் பாடந் துணிவது எங்ஙனம்?

ஒரு குளிகைக்கு நேர்வாளம் இத்தனை என்று ஏடு சொல்லுகிறது. தமிழ் எண்ணில் நாலு என்பது 'ச' என்னும் எழுத்தின் வடிவு; ஆறு என்பது 'சு' என்னும் எழுத்தின் வடிவு. இரண்டுக்கும் வேறுபாடு ஒரு வால். படத்தில் அவ்வால், உண்டென்றால் உண்டு, இல்லையென்றால் இல்லை. நேர்வாளம் கடும்பேதி, அளவு மிஞ்சினால் நஞ்சு. நாலோ, ஆறோ என்பது இங்கே பண்டிதர்களின் வாதம் அன்று, உயிர்ப் பிரச்சினை.

குற்றம் எங்கே என்று ஆராயப் புகுந்தேன். கமராவினுள்ளே ஒளியை ஏற்கும் தகடு ஒன்று உண்டு. இவ்வகைச் சிறு கமராக்கள் பலவற்றில் அதன் பரப்பு ஏறத்தாழ 28 சதுர மில்லிமீற்றர். சிறுவிரல் நகத்தினுஞ் சிறிது. பழைய 35 மில்லிமீற்றர் படச்சுருளில் ஒரு படத்துக்குரிய பரப்பு 864 சதுர மில்லிமீற்றர். ஏறத்தாழ 30 மடங்கு. அந்த நகத் துணுக்கிலே 1 கோடியே 60 இலட்சம் குழிகளைத் தோண்டினால், ஒரு குழியின் அகலம் மில்லிமீற்றரை ஆயிரங் கூறிட்டு அதில் ஒன்றரைக் கூறும் இல்லை. மழைக்கு வைத்த பாத்திரஞ் சிறிதாயின், பிடிபடும் நீருஞ் சிறிதே. மங்கிய விளக்கில் அக்குழியுள் வீழும் ஒளி மிகக் குறைவு. அந்தச் சிற்றளவைப் பெருக்கும்போது கலக்கமுங் கூடவே பெருகுகிறது. முளைத்த புள்ளி அதுதான். அதனை அகற்றக் கமரா தானாகவே ஒரு துடைப்பம் எடுக்கிறது. துடைப்பத்துக்குப் புள்ளி இது, சுகரத்தின் வால் இது என்று தெரியுமா? இரண்டையும் துடைத்துவிட்டது.

இன்னும் ஒன்று. ஒவ்வொரு குழியும் ஒரு நிறத்தையே காணும். அரைவாசிக் குழிகள் பச்சைக்கு, கால்வாசி சிவப்புக்கு, கால்வாசி நீலத்துக்கு. மற்றை இரண்டு நிறமும் அயற் குழிகளைப் பார்த்து உத்தேசிப்பது. கொடாக் நிறுவனத்தைச் சேர்ந்த பிறைஸ் பேயர் என்பார் 1976இல் காப்புரிமை பெற்ற முறை இது. ஆகவே, பெட்டியில் எழுதிய இலக்கம் பொய் அன்று. புள்ளியின் தொகையைச் சொன்னார்கள், தரத்தைச் சொல்லவில்லை. நானுங் கேட்கவில்லை.

என் குற்றமும் உண்டு. படத்தின் நீளவாட்டிற் புள்ளிகள் 4608. நாற்பது சென்ரிமீற்றர் ஏட்டுக்கு அவற்றைப் பங்கிட்டால், ஒரு மில்லிமீற்றருக்குக் கிடைப்பவை பதினொன்று. எழுத்தாணிக் கீறல் ஒன்றின் அகலத்துக்கு இரண்டு மூன்று புள்ளிகளே எஞ்சும். ஏட்டினை மூன்று பகுதியாக எடுத்திருந்தால் அவை மும்மடங்காகியிருக்கும். பகலில், யன்னலோரம், சாய்ந்து விழும் ஒளியில், கமராவை அசையாது தாங்கியில் நிறுத்தி, ஒளிபெருக்கும் எண்ணைக் குறைத்து வைத்திருந்தால், அதே கமரா அந்த வாலைக் காட்டியிருத்தல் கூடும்.

திரும்பப் போய் எடுக்கலாம் என்றிருந்தேன். இன்று, நாளை என்று இரண்டு மாரி கழிந்தன. போனபோது சுவடிக் கயிறு இருந்தது, சுவடி இல்லை. கறையான் தின்றுவிட்டது. வைத்தியரின் மனைவியார் கலங்கவில்லை. "கறையான் திண்டா என்ன தம்பி, நீங்கள் படம் பிடிச்சு வைச்சிருக்கிறியள்தானே" என்றார். என் வாயில் மறுமொழி வரவில்லை.

கலித்தொகையை 1887இல் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், பிரதிகள் பலவற்றை ஒப்புநோக்கியே பாடந் துணிந்தார்கள். ஏடு பெயர்த்தெழுதுவோரும், எழுதி முடிந்தபின் மூலத்தோடு ஒத்துப் பார்ப்பது முறை. அந்த முறையைக் கமரா வந்தபின் நான் கைவிட்டேன். கமராவின் குறையிலும் பெரிய குறை அது. ஏடு படம் பிடிக்கப் புறப்படுவோர், கைப்பேசியாலாயினும் விலையுயர்ந்த கமராவாலாயினும், படத்தைப் பெரிதாக்கி எழுத்தெழுத்தாக ஏட்டோடு ஒத்துப் பார்த்த பின்னரே சுவடியைக் கட்டுவாராக.

அந்த ஏட்டினைப் படத்தைக் கொண்டு பெயர்த்தெழுதி வைத்திருக்கிறேன். நேர்வாளத்தின் அளவு வரும் இடத்தில் நாலு என்றும் எழுதவில்லை. ஆறு என்றும் எழுதவில்லை. இடம் வெறிதாய்க் கிடக்கிறது.